சங்கு ஊதும் வரை

தமிழ்நாட்டின் அடுத்த ஐந்தாண்டுத் தலைவிதியைத் தம் நாவின் நுனியில் வைத்திருந்தவரும், மூன்று தலைமுறை வேட்பாளர்கள் விழுந்து கும்பிட்ட பாதங்களுக்கு உரிமையாளரும், கீழக்காரேந்தல் ஊரின் நிரந்தரத் தலைவருமாகிய மருதுபாண்டி அம்பலம் அவர்கள், வாக்குப்பதிவு நாளன்று காலையில், ஓட்டு யாருக்கு என்ற தமது மேலான முடிவை அறிவிக்கும் பொருட்டுத் திருவாய் மலர்ந்தார். கட்டிலின் இருபுறமும் இரண்டு மகன்கள் குனிந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"வெளிக்கு வருது ஆத்தா," என்றார் அம்பலம்.

மகள் முருகலட்சுமி அண்ணனையும் தம்பியையும் வெளியே விட்டுக் கதவைச் சாத்தினாள். அய்யாவின் பீ மூத்திரத்தைப் பொறுத்தமட்டில் இரண்டு கட்சிக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. அது அவளுடைய தொகுதி.

ரப்பர் விரிப்பை உருவினாள். ஒருக்களித்துப் படுக்கவைத்து வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்தாள். அவர் கால் நகங்கள் நீலம் பாரித்திருந்ததை விடியும்போதே பார்த்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஓட்டுப் போட இன்னும் சீக்கிரமாகத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். எண்பத்தைந்து முடிந்தவர்களுக்கு அதிகாரிகளே வீட்டுக்கு வந்து ஓட்டு வாங்கிப்போகிறார்கள். அம்பலத்துக்கு நிஜத்தில் தொண்ணூறு இருக்கும். அட்டையில் எண்பத்து மூன்று. ஒரு காலத்தில் வயதைக் குறைத்துச் சொல்வதில் அவருக்கு ஒரு குஷி இருந்தது.

அவரைச் சாவடிக்கு ஏற்றிப்போக வாசலில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று அண்ணன் காளீஸ்வரனின் கார். சங்குச் சின்னத்துக் கட்சியில் அவன் ஒன்றியப் பொறுப்பில் இருந்தான். மற்றது தம்பி நாகேந்திரனின் லோடு ஆட்டோ. அவன் விசிறிச் சின்னம். ஒரே வயிற்றில் பிறந்த இருவரும் எதிரெதிர்க் கட்சியில் சேர்ந்ததைக் கொள்கை என்று வெளியூர்க்காரர்கள் நினைத்தார்கள். உள்ளூரில் அது வாய்க்கால் வரப்புத் தகராறு.

கீழக்காரேந்தலில் ரகசிய வாக்கெடுப்பு நடக்கும் முறையே தனி. ஊருணிக் கரையில் இருக்கும் பள்ளிக்கூடந்தான் சாவடி. முதல் ஓட்டு அம்பலத்தினுடையது. போட்டுவிட்டு வெளியே வருவார். தூரத்தில் சட்டப்படி எல்லைக்கோட்டுக்கு அப்பால் இரண்டு கட்சிகளும் பந்தல் போட்டிருக்கும். ஏதாவது ஒரு பந்தலில் போய் உட்கார்ந்து ஒரு பன்னீர் சோடா குடிப்பார். அவ்வளவுதான். எந்தப் பந்தலில் சோடா உடைந்ததோ அந்தச் சின்னத்துக்கு ஊர் மொத்தமும் வரிசையில் வந்து குத்திவிட்டுப் போகும். யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. தேர்தல் விதிகளில் சோடாவைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஏன் போன தடவை அங்கே, இந்தத் தடவை இங்கே என்று ஒருமுறை யாரோ துணிந்து கேட்டபோது, "அவன் கடையில சோடா சில்லுன்னு இருந்துச்சு" என்றார் அம்பலம். அதற்குள் பெரிய அரசியல் இருப்பதாக ஊர் வெகுநாள் பேசிக்கொண்டது.

ஒரே ஒரு முறைதான் சோடா உடையவில்லை. போன உள்ளாட்சித் தேர்தலில் அம்பலம் வயிற்றுப்போக்கில் படுத்துவிட்டார். ஊர் இரண்டாகப் பிளந்து ஓட்டுப் போட்டது. முடிவு வந்த சாயங்காலம் ஊர்வலமும் எதிர் ஊர்வலமும் கோவில் முக்கில் சந்தித்தன. முருகலட்சுமியின் வீட்டுக்காரர் வில்லாயுதம் எந்த ஊர்வலத்திலும் இல்லை. கடைக்குக் கொசுவத்தி வாங்கப் போயிருந்தார். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவரின் பொட்டில் ஒரு கல் வந்து விழுந்தது. கல் விசிறிக்காரன் எறிந்தது என்றார்கள் சங்குக்காரர்கள். சங்குக்காரன் எறிந்தது என்றார்கள் விசிறிக்காரர்கள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. போலீஸ் கேட்டபோது ஒருவருமே பார்த்திருக்கவில்லை. அவள் தாலியைக் கழற்றிவிட்டு அய்யா வீட்டுக்கு வந்தாள். அண்ணன் ஒரு மாலை வைத்தான். தம்பி அதைவிடப் பெரிய மாலை வைத்தான்.

இன்று விடியற்காலையில் பால் வாங்கப் போகும்போது அவள் இரண்டு வண்டிகளையும் தாண்டித்தான் போனாள். லோடு ஆட்டோவில் விசிறி நோட்டீஸ் கட்டுகளுக்கு அடியில் ஈரச்சாக்கு ஒன்று நீளமாகக் கிடந்தது. சாக்கின் ஓட்டை வழியாக அரிவாளின் மூக்கு தெரிந்தது. அண்ணன் காரின் டிக்கியில் சங்குக் கொடிகள். கொடிக்கு மூங்கில் கம்பு போதும். அங்கே இரும்புக் குழாய்கள் இருந்தன. அய்யா சங்குப் பந்தலில் உட்கார்ந்தால் தம்பி ஆட்கள் சும்மா போகமாட்டார்கள். விசிறிப் பந்தலில் உட்கார்ந்தால் அண்ணன் ஆட்கள். எங்கும் உட்காராமல் திரும்பினால் இரண்டு பேரும். பால் செம்பைப் பிடித்தபடி அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். எந்தப் பக்கம் கூட்டினாலும் விடையில் ஒருத்தி தாலி கழற்றினாள்.

துடைத்து முடித்து வேட்டியைச் சுற்றும்போது அய்யாவின் கை அவள் முந்தானையைப் பிடித்தது.

"இன்னைக்கு என்ன ஊர்ல கூட்டம்?"

"எலெக்சன் அய்யா. ஓட்டுப் போட ஒங்களக் கூப்பிட வந்துருக்காக."

"எலெக்சனா." கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "இப்ப யாரு ஆளுறா?"

அவள் சொன்னாள். அவர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"வில்லாயுதத்த வரச்சொல்லு. அவன் தூக்குனாத்தான் இடுப்பு வலிக்காது."

"வாராக அய்யா. கடைக்குப் போயிருக்காக."

முந்தானையைப் பிடித்த விரல்கள் தளர்ந்தன. அவள் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கழுத்தை. பிறகு மூக்கருகே புறங்கையை வைத்தாள். வெளியே யாரோ செல்போனில் 'எத்தன சதவீதம்' என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அழுக்குத் துணியை வாளிக்குள் போட்டாள். வேட்டியின் மடிப்பைச் சரிசெய்தாள். கட்டிலோரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

கதவு தட்டப்பட்டது. "ஏ முருகு, ஆச்சா? வண்டி நிக்குது," என்றான் காளீஸ்வரன்.

கதவைத் திறந்தாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. "மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. பால் ஊத்துறவுக வந்து ஊத்துங்க."

பெற்றவனின் கடைசி மூச்சில் பிள்ளைகள் பால் ஊற்றாமல் போனார்கள் என்ற பேச்சு வரவேண்டாம் என்று நினைத்திருக்கலாம். அவள் நினைக்காதது, ஜன்னலில் ஊர் நின்றது.

அண்ணன் ஊற்றிய பால் கடைவாய் வழியாக வழிந்து தலையணையில் இறங்கியது. தம்பி, தாடையைப் பிடித்துத் தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றினான். அது வாய்க்குள்ளேயே தங்கியது.

"எறங்கிருச்சு," என்றது ஜன்னலில் ஒரு குரல்.

தெருக்கோடிக்குச் செய்தி போன வேகத்தில் எந்தத் தொலைக்காட்சியும் இதுவரை முடிவு அறிவித்ததில்லை. சங்குப் பால் வழிஞ்சுருச்சு. விசிறிப் பால் எறங்கிருச்சு. அம்பலம் சோடாவைக் குடித்துவிட்டார்.

"தலையச் சாச்சுல்ல ஊத்துனான் களவாணிப்பய," என்றான் காளீஸ்வரன்.

"ஒன் பால அவுக துப்புனாக. ஊரே பாத்துச்சு. ஏலே, அங்கன நிக்கிறவன்லாம் சாவடிக்குக் கெளம்புங்கடா," என்றான் நாகேந்திரன்.

"எவன் கெளம்புறான்னு பாக்குறேன்."

வாசலில் கூட்டம் தண்ணீரைக் கோடு கிழித்த மாதிரி இரண்டாகப் பிரிந்தது. யாரும் கத்தவில்லை. அன்றைக்கும் கல் வருவதற்கு முன்னால் இப்படித்தான் ஊர் அமைதியாக இருந்தது. டிக்கி திறக்கும் ஓசை கேட்டது. நோட்டீஸ் கட்டு ஒன்று தரையில் சரிந்தது.

முருகலட்சுமி ஒப்பாரி வைத்தாள். "என்னப் பெத்த அய்யா" என்று அடித்தொண்டையிலிருந்து ஓங்கி எடுத்தாள். கூட்டம் அப்படியே நின்றது. தோளில் கிடந்த கட்சித் துண்டுகள் தாமாகவே இடுப்புக்கு இறங்கின. செத்த வீட்டில் ஒப்பாரி எழுந்தபிறகு கையில் ஆயுதத்தோடு நிற்பவனை எந்தக் கட்சியும் ஏற்காது.

உடலை வெளியே எடுத்து வாசல் பந்தலில் ஒரு மரப்பெஞ்சில் கிடத்தினார்கள். அண்ணன் பரமக்குடிக்குப் போன் போட்டு ஐஸ்பெட்டிக்குச் சொன்னான். தம்பியும் சொன்னான். இரண்டு பெட்டிகள் வந்தன. எந்தப் பெட்டியில் வைப்பது என்று பேச்சு தடிக்கத் தொடங்கியதும், "ரெண்டும் வேணாம். அவுகளுக்குக் குளுரு ஆகாது," என்று முருகலட்சுமி அய்யாவை மரப்பெஞ்சிலேயே வைத்தாள். ஒரு பிணத்துக்கு இரண்டு ஐஸ்பெட்டிகள் வெயிலில் காலியாக ஓடிக்கொண்டிருந்தன.

பிறகு அவளைத் தேடி வந்தார்கள். முதலில் அண்ணன், அடுப்படிக்கு.

"அய்யா கடைசியா ஒன்கிட்டதான் பேசியிருக்காக. என்ன சொன்னாக?"

"வெளிக்கு வருதுன்னாக."

"அதுக்குப் பெறகு?"

"ஒண்ணுமில்ல."

"சங்குன்னு சொன்னாகன்னு நீ வெளியில வந்து ஒரு வார்த்த சொல்லு முருகு. இந்த வீடு ஒனக்கு. எழுதியே தாரேன்." குரலை இறக்கினான். "சொல்லலைன்னா இன்னைக்கு நடக்குறதுக்கு நான் பொறுப்பில்ல."

அவன் போனதும் தம்பி மாட்டுக்கொட்டகைப் பக்கமாக வந்தான்.

"அக்கா, பால் எறங்குனத நீ பக்கத்துல இருந்து பாத்தேல்ல. அத மட்டும் சொல்லு. ஒன்ன நான் வச்சுக் காப்பாத்துறேன். இல்லைன்னா," என்று நிறுத்தி, லோடு ஆட்டோவின் பக்கம் பார்த்தான். "பயலுக ராத்திரியெல்லாம் தூங்கல. புடிச்சு வைக்க முடியாது."

பால் ஊற்றுவதற்கு முன்பே அய்யா செத்துவிட்டிருந்தார் என்பதை அவள் இருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சோடாவே இல்லை என்று ஆகும். சோடா இல்லாத தேர்தலை அவள் பார்த்திருந்தாள்.

வாசலுக்கு வந்து அய்யாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். பக்கத்தில் உலகம்மாள்; ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் முறை சொல்லும் கிழவி. முருகலட்சுமி மூக்கைச் சிந்திக்கொண்டு, யாருக்கும் கேட்காததுபோல், ஆனால் எல்லோருக்கும் கேட்கிறமாதிரி கேட்டாள்.

"ஏன் சின்னாத்தா, அம்பலம் கெடக்கையில ஊர்ல அடுப்பு பத்தவைக்கக் கூடாது, எல்லையத் தாண்டக் கூடாது, பொட்டு வைக்கக் கூடாதும்பாகளே. விரல்ல மை வைக்கலாமா?"

உலகம்மாள் வாயிலிருந்த புகையிலையை ஒதுக்கினாள். எண்பது வருஷத்தில் அவளிடம் யாரும் இந்தச் சட்டச் சிக்கலைக் கொண்டு வந்ததில்லை.

"மை மங்கலத்துக்குல்ல வைக்கிறது," என்றாள் கடைசியில். "பிணத்த வாசல்ல போட்டுட்டு மங்கலத்த எவன் வைப்பான்? வெளங்குவானா?"

ஆண்கள் பக்கத்தில் இது ஆராயப்பட்டது. கண்ணில் வைக்கும் மை வேறு, அரசாங்க மை வேறு என்றார் ஒருவர். அழியாத மை என்பதால் அது இன்னும் பெரிய மங்கலம் என்றார் இன்னொருவர். சட்டம் படித்தவர் ஒருவர், அரசியலமைப்பில் இதற்குத் தடையில்லை என்றார். அவர் வெளியூரிலிருந்து வந்த மாப்பிள்ளை என்பதால் அந்தக் கருத்து எடுத்துக்கொள்ளப்படவில்லை. முடிவில் ஊர் ஒருமனதாக ஏற்றது: அம்பலத்தை எடுத்த பிறகே ஓட்டு. காளீஸ்வரனும் தலையாட்டினான், நாகேந்திரனும் ஆட்டினான். பிணம் கிடக்க மை வைத்தவன் என்ற பெயரை எதிராளி முதலில் வாங்கட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

"அப்ப சட்டுனு எடுத்துருவோம்," என்றான் காளீஸ்வரன். "மத்தியானத்துக்குள்ள எடுத்துட்டுக் குளிச்சிட்டு வந்தா ஆளுக்கு ஒரு குத்து."

பிணத்தைக் குளிப்பாட்ட ஊருணியில் தண்ணீர் எடுத்துவரும் நீர்மாலைக்கு, சங்கொலியோடு பெண்கள் கிளம்ப வேண்டும். தங்கசாமி தோளில் சேகண்டியும் கையில் சங்குமாக வந்து நின்றார். இந்த ஊர்ச் சாவுகளுக்கெல்லாம் ஊதுபவர். சங்கை வாயில் வைத்தார்.

"ஊதாதே," என்றான் நாகேந்திரன்.

"என்ன அய்யா?"

"இன்னைக்கு ஓட்டுப் பதிவு. ஒரு கட்சிச் சின்னத்தத் தெருவுல வச்சு ஊதுறது பிரச்சாரம். ஊதுனா கேஸ் குடுப்பேன்."

"அட மூதேவி, அப்பனுக்கு ஊதுறதுடா," என்றான் காளீஸ்வரன். முகத்தில் ஒரு சந்தோஷம் எட்டிப்பார்த்து மறைந்தது. "தங்கசாமி, நீ ஊது. நல்லா சத்தமா ஊது."

"ஊதுனா கை இருக்காது," என்றான் நாகேந்திரன், மரியாதையாகவே.

தங்கசாமி சங்கை இடுப்பில் செருகிக்கொண்டு வேப்பமர நிழலுக்குப் போனார். "ரெண்டு அய்யாமாரும் பேசி முடிச்சுட்டு சொல்லுங்க. எனக்கு ரெண்டு கைதான் இருக்கு."

சாவடிக் காவலுக்கு வந்திருந்த ஏட்டு வரவழைக்கப்பட்டார். அவர் தொப்பியைக் கழற்றிப் பிணத்துக்கு மரியாதை செய்துவிட்டுச் சங்கை வாங்கிப் புரட்டிப் பார்த்தார், சின்னத்தோடு ஒத்துப்போகிறதா என்பதுபோல். ஒத்துப்போனது. "மேல கேட்டுச் சொல்றேன்," என்று போனை எடுத்துக்கொண்டு ஊருணிக் கரைக்குப் போனார். மேலே இருந்தவர் தம்முடைய மேலே கேட்டார். இறப்புச் சடங்கில் ஒலிக்கும் வாத்தியம் வேட்பாளரின் செலவுக் கணக்கில் சேருமா என்ற கேள்வி உச்சிவெயிலில் மாவட்டத் தலைநகரை நோக்கிப் படிப்படியாக ஏறிக்கொண்டிருந்தது.

"சங்கு இல்லாமலே எடுத்தா என்ன?" என்றார் ஒரு சொந்தக்காரர், நயினார்கோவிலில் பஸ்ஸைப் பிடிக்கும் கவலையில்.

எல்லோரும் உலகம்மாளைப் பார்த்தார்கள். அவள் வாய் திறப்பதற்குள் முருகலட்சுமி சொன்னாள். "எங்கய்யாவ ஊமைப் பிணமா எடுக்க நான் விடமாட்டேன். மக நான். நான் நீர்மாலை எடுத்தாத்தான் அவுகளக் குளிப்பாட்ட முடியும். சங்கு ஊதுனா எடுக்குறேன்."

சொந்தக்காரர் பஸ்ஸை மறந்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

பள்ளிக்கூட வராந்தாவுக்கு வாக்குச்சாவடி அலுவலர் ஹமீதா பானு வந்து தெருவைப் பார்த்தார். பெரியபட்டினத்திலிருந்து வந்த டீச்சர். காலையிலிருந்து ஒரு ஓட்டும் விழவில்லை. தலையாரியை அனுப்பினார். அவன் போய்க் கேட்டுவிட்டுத் திரும்பினான்.

"எடுத்ததும் வாராகளாம் டீச்சர்."

"எப்ப எடுப்பாங்களாம்?"

"சங்கு ஊதுனதும்."

"எப்ப ஊதுவாங்களாம்?"

"அதுதான் கலெக்டர் ஆபீஸ்ல கேட்டுருக்காக."

வெயில் சாயத் தொடங்கியது. பெஞ்சுக்கு அடியில் வைத்த ஊதுபத்திகள் ஈக்களிடம் தோற்றுக்கொண்டிருந்தன. இரண்டு பக்கத்து இளவட்டங்களும் காலையிலிருந்து சாப்பிடவில்லை. அடுப்பு பற்றவைக்காத ஊரில் பசி கோபமாகத்தான் மாறும். லோடு ஆட்டோவைச் சுற்றி ஆள் கூடியிருந்தது. காருக்குப் பக்கத்திலும். யாரும் உட்காரவில்லை. முருகலட்சுமி அய்யாவின் முகத்துக்கு விசிறப் பனையோலை விசிறியை எடுத்தாள். பத்துப் பேர் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள். கீழே வைத்துவிட்டு முந்தானையால் வீசினாள்.

சாவடி மூட ஒரு மணி நேரம் இருக்கும்போது காளீஸ்வரனின் பொறுமை தீர்ந்தது. துண்டை உதறித் தோளில் போட்டான்.

"முறையும் வேணாம், மயிரும் வேணாம். நான் போறேன் சாவடிக்கு. என் ஆளுக எல்லாம் வாங்கடா."

"போய்த்தான் பாரேன்," என்று நாகேந்திரன் தெருவின் குறுக்கே வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் ஈரச்சாக்கு அவிழ்ந்தது. கார்ப் பக்கம் இரும்பு இரும்போடு உரசியது. ஏட்டு போனைக் காதிலிருந்து எடுத்தார். மறுபடி காதில் வைத்துக்கொண்டார்.

முருகலட்சுமி எழுந்தாள். நீர்மாலைக்காக வைத்திருந்த வெறும் குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு நடந்தாள். வேகமாக நடக்கவில்லை. தெருவின் நடுவில், இரண்டு பேருக்கும் மத்தியில் வந்து நின்றாள். குடத்தைக் காலடியில் வைத்தாள்.

"அவுகளும் இப்படி நடுவுலதான் நின்னாக," என்றாள்.

அண்ணன் குழாயைப் பிடித்திருந்தவனைப் பார்த்தான். தம்பி தரையைப் பார்த்தான்.

"அன்னைக்குக் கல்லு எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. இன்னைக்குப் பாத்துக்கிறேன். எறிங்க."

ஐஸ்பெட்டிகளின் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. காளீஸ்வரன் தோளில் போட்ட துண்டை எடுத்து மறுபடி இடுப்பில் கட்டினான். நாகேந்திரன், "அக்கா, வெயில்ல நிக்காத," என்றான். அவள் நின்றாள். வேப்பமரத்து நிழல் தெருவைக் கடந்து எதிர்ச்சுவரில் ஏறுகிறவரைக்கும் நின்றாள். அவளைத் தாண்டிப் போக இரண்டு பக்கத்திலும் இடம் இருந்தது. யாரும் போகவில்லை.

பள்ளிக்கூடத்தில் மணி அடித்தார்கள். ஆறு.

ஏட்டு கரையிலிருந்து வேகமாக வந்தார். "பதில் வந்துருச்சு. வாக்குப்பதிவு முடிஞ்ச பெறகு ஊதலாமாம்."

தங்கசாமி இடுப்பிலிருந்து சங்கை உருவி, வேட்டியில் துடைத்து, ஊதினார். முருகலட்சுமி குடத்தை எடுத்துக்கொண்டு ஊருணிக்கு நடந்தாள். பெண்கள் பின்னால் வந்தார்கள். கரையில், சீல் வைத்த பெட்டியோடு வண்டிக்காகக் காத்திருந்த ஹமீதா பானு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். முருகலட்சுமி தண்ணீரில் இறங்கினாள். இடுப்பளவு ஆழத்தில் நின்று, வெகுநேரம், குடத்தை முக்காமல் இருந்தாள். பின்னால் நின்ற பெண்கள் அவசரப்படுத்தவில்லை.

அடுத்த மாதம் ஓட்டு எண்ணினார்கள். சங்கு ஜெயித்தது, விசிறி முப்பத்தோராயிரம் ஓட்டில் தோற்றது. கீழக்காரேந்தலில் போடாமல் போன மொத்த ஓட்டு நானூற்றுப் பன்னிரண்டு.